இடது ஷூவுக்குள் பஞ்சு

சான் இசித்ரோ, போஹோல் தீவு
6 மே 1993

அன்புள்ள லூடிங்குக்கு,

உன் கணவன் டென்சியோ எழுதிக்கொள்வது. நானும் மகள் அனலினும் சுகம். ஆடும் சுகம். உன் சுகத்துக்காக நம் ஊர்ப் புனிதரிடம் தினமும் சொல்லிவைக்கிறேன். அவர் ஏர் பிடிக்கிறவர்களின் புனிதர், கள் இறக்குகிறவன் பேச்சு அவர் காதில் எவ்வளவு ஏறும் என்று தெரியவில்லை. திருவிழா நெருங்குவதால் நல்ல மனநிலையில் இருப்பார் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. மார்ச்சில் கப்பலேற்றியதாக எழுதியிருந்தாய், திருவிழாவுக்குள் வருமா வராதா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். லாரி வளைவில் திரும்பும்போது நான் தென்னை உச்சியில் இருந்தேன். பெட்டியைக் கண்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கீழே நின்ற மீன்கார நெஸ்டர், "மச்சான், பெட்டி எங்கயும் ஓடிப்போகாது, மரத்தப் புடிச்சிக்கிட்டு எறங்கு" என்று கத்தினான். நீ பயப்படாதே. மழை பெய்த மரத்தில் ஏறாதே என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். இந்த நான்கு வருடத்தில் ஒருநாளும் ஏறவில்லை. மழை நாளில் கள்ளுக்கு வந்து ஏமாந்து போகிறவர்கள், பெண்டாட்டி ஹாங்காங்கில் இருந்துகொண்டே கயிறு இழுக்கிறாள் என்று என்னைக் கேலி செய்கிறார்கள். இழுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியைத் திறக்கத் தெருவே கூடிவிட்டது. மூடியைப் பிரித்ததும் சோப்பும் காப்பித்தூளும் கலந்த அந்த வாசனை வந்தது. அனலின் தலையை உள்ளே விட்டவள் கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவே இல்லை. பதினொரு வயதுப் பெண் இப்படியா செய்வாள் என்று யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அப்படிச் செய்யத்தான் ஆசை.

டின் இறைச்சி அத்தனையும் நசுங்காமல் வந்திருக்கிறது, அதைத் திருவிழாவுக்கு ஒதுக்கிவிட்டேன். சோப்பும் சாக்லேட்டும் வீட்டுக்கு வீடு போயாயிற்று. ஒரு வீட்டை விட்டாலும் ஹாங்காங் பணம் மண்டைக்கு ஏறிவிட்டது என்பார்கள், உனக்குத் தெரியாததா. இந்தத் தடவை புதுசோடு பழசும் சில இருந்தன. உன் முதலாளியம்மா போட்டுக் கழித்தவை என்று நினைக்கிறேன். கழித்தாலும் நல்லதாகத்தான் கழிக்கிறாள், மகராசி. பூப்போட்ட போர்வையைப் பெரிய வீட்டு சோலிங் அம்மாவுக்குக் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு வெறும் சோப்பைக் கொண்டுபோய் நீட்ட முடியுமா? கறுப்பு ஷூவைப் பணியாரக்கார பசிங் அக்காவுக்குக் கொடுத்தேன். அவள் செருப்பை நாய் கடித்ததிலிருந்து கோயிலுக்கு வெறுங்காலோடு வருகிறாள். அவளுக்குச் சரியாக இருந்தது. உன் முதலாளியம்மாவுக்கும் உன்னைப்போலச் சின்னக் கால்தான் போலிருக்கிறது. அலாரம் கடிகாரத்தை நெஸ்டருக்குக் கொடுத்தேன். எல்லோரும் மீன் பிடித்துத் திரும்பும்போது கடலுக்குப் புறப்படுகிறவனுக்கு அது தேவைதானே.

வீட்டு விஷயம். சிமெண்டுத் தளம் விரிசல் இல்லாமல் இருக்கிறது. தூண்கள் நிற்கின்றன. தூண்களின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெயில் நாளில் ஊரார் தளத்தின்மேல் சோளம் காயவைக்கிறார்கள். நாங்கள் பின்னால் மூங்கில் வீட்டில்தான் இருக்கிறோம். கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, சட்டி வைத்திருக்கிறேன். மாடிக்கு மரமும் தகரமும் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தாய். மாடி என்று நீ எழுதுவது இதுதான் முதல் தடவை. நமக்கு எதற்கு மாடி? இருக்கிறது மூன்று பேர், அதிலும் ஒருத்தி ஊரில் இல்லை. ஆனாலும் மேஸ்திரியிடம் விசாரிக்கிறேன்.

ஜூன் முதல் இந்த விலாசத்துக்கு எழுதவேண்டாம், புது விலாசம் அனுப்பும்வரை பொறுத்திரு என்று எழுதியிருந்தாயே. உன் முதலாளிகள் வீடு மாறுகிறார்களா? மே மாதத்தோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பித்துவிட்டாயா என்று நீ எழுதவில்லை. அம்மா வருகிறாளா என்று அனலின் கேட்டாள். தெரியவில்லை என்றேன். இரண்டு வரி எழுது.

அன்புடன்,
டென்சியோ


சான் இசித்ரோ
11 மே 1993

லூடிங்,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நேற்றுக் காலை அடிகுழாயடியில் பசிங் அக்கா பாதம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஷூ கடிக்கிறதா என்று கேட்டேன். கடிக்கவில்லை, இடது ஷூவின் நுனியில்தான் ஏதோ அடைத்திருந்தது என்றாள். "பஞ்சுடா டென்சியோ. நல்லா உருட்டி, துணியில சுத்தி, உள்ள வச்சிருக்கு. அந்தச் சீமாட்டிக்கும் ஒரு கால் குட்டையா?"

அக்கா சிரித்தாள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன், வரவில்லை. உன் இடது கால் வலது காலைவிடச் சின்னது. இது உன் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கல்யாணத்தன்று நம் பின்கட்டு இலவமரத்துப் பஞ்சை உருட்டி உன் ஷூவுக்குள் வைத்துக்கொடுத்தவனே நான்தான். அந்த ஷூ உன்னுடையது, லூடிங். முதலாளியம்மாவுடையது அல்ல. ஹாங்காங்கில் வாங்கினேன் என்று நீ எழுதியிருந்த அந்த ஒரே நல்ல ஷூ அதுவாகத்தான் இருக்கும்.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நெஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். அவன் மனைவி என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். நான் கொடுத்த கடிகாரம் விடியுமுன் நாலரைக்கே கத்தித் தொலைக்கிறதாம், எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லையாம். "அது என்ன கடிகாரமா, சேவலா?" என்றாள். நான் அலார முள்ளைப் பார்த்தேன். நாலரை. அந்த வீட்டில் நாலரைக்கு எழுந்திருக்கிறவள் முதலாளியம்மாவா? அவர்கள் குழந்தைக்குப் பால் காய்ச்சுகிறவள் நீ.

நெஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் ஷூ, உன் கடிகாரம், ஜூனுக்குப் பிறகு எழுதாதே என்றது, மாடி. அவன் வலையைக் கீழே போட்டான். அப்புறம், "மச்சான், எங்க கிளாரிட்டா இத்தாலிக்குப் போறதுக்கு முன்னாடி இந்த மாதிரிதான் ஒரு பெட்டி வந்துச்சு" என்றான்.

அவன் தங்கை கதை நமக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். முழுவதையும் இப்போதுதான் சொன்னான். ஹாங்காங்கில் ஒரு ஏஜெண்டு இருந்தானாம். இத்தாலியில் இதே வேலைக்கு மூன்று மடங்கு கிடைக்கும் என்றானாம். சுற்றுலாப் பயணி மாதிரி ஒரே கைப்பையோடு விமானம் ஏறவேண்டும், மூட்டை முடிச்சைக் கண்டால் பிடித்துவிடுவார்கள். அதனால்தான் சொந்தச் சாமானையெல்லாம் முதலில் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். பிறகு ஏதோ ஒரு நாட்டில் இறக்கி, லாரியில் படுக்கவைத்து, கடைசியில் ராத்திரியில் பனிமலையை நடந்து தாண்டச் சொல்வார்களாம். கூட வந்த ஒருத்தி பாதியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். கிளாரிட்டாவுக்குக் கால்விரல் இரண்டு போனது. அது கூட அவனுக்குப் பெரிதில்லை. "போனவ போனவதான் மச்சான். காகிதம் இல்ல. வெளிய வந்தா திரும்ப உள்ள போக முடியாது. அம்மா செத்தப்போ டெலிபோன்ல அழுதா, அவ்ளோதான். ஆறு வருஷம் ஆச்சு" என்றான். அவர்கள் வீட்டில் கிளாரிட்டா அனுப்பிய பெரிய டிவி இருக்கிறதே, அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அதை ஏன் யாரும் பார்ப்பதில்லை என்று எனக்கு நேற்றுத்தான் புரிந்தது.

நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தால் என்னைத் திட்டு. முட்டாள், ஷூவுக்குள் இருந்த பஞ்சுக்குப் பயந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லு. அந்தத் திட்டைக் கேட்கத்தான் இன்று காலை டவுன் டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். மத்தியானம் வரை காத்திருந்தேன். லைன் கிடைத்தது, எடுத்தது ஒரு பெண். லூடிங், லூடிங் என்று மட்டும் சொன்னேன், எனக்கு வேறு என்ன தெரியும். அவள் ஏதோ சீறினாள். பின்னால் ஒரு குழந்தை அழுதது, ஏதோ பாத்திரம் விழுந்தது. அவ்வளவுதான், வைத்துவிட்டாள். பாத்திரத்தைக் கீழே போட்டது நீதான் என்று வைத்துக்கொண்டேன். நீதான் என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறாய். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டுதான் வீடு வரை நடந்து வந்தேன்.

வந்ததும் கொடுத்த சாமான்களைத் திருப்பிக் கேட்கப் புறப்பட்டேன். நம் ஊரில் இதைவிடக் கேவலம் வேறு இல்லை. தெருப் பிள்ளைகள் பின்னாலேயே வந்து, "குடுத்துட்டுப் புடுங்கி, குடுத்துட்டுப் புடுங்கி" என்று பாடின. பாடட்டும். உன் சாமான் வெளியே கிடந்தால் நீயும் வெளியே கிடப்பது போல எனக்கு ஒரு பதற்றம். பசிங் அக்கா ஷூவைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தாள். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டேனே என்று அவளுக்குத்தான் வருத்தம். கூடவே வாழையிலையில் நாலு பணியாரமும் கட்டிக் கொடுத்தாள். திரும்பவும் வெறுங்காலோடு நிற்கிறவள் எனக்குக் கொடுத்தனுப்புகிறாள். நெஸ்டர் மனைவி கடிகாரத்தை, விட்டது சனி என்று கையில் வைத்தாள்.

பெரிய வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. சோலிங் அம்மா முன்கூடத்தில் மின்விசிறிக்கு எதிரே, உன் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூலையில் சிவப்பு நூல் தையல் தெரிந்தது, உன் கைத்தையல். கொடுத்த அன்றைக்கு இந்தக் கண் எங்கே போயிருந்தது? விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே கையைக் காட்டினார். சுவரோரம் அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, கயிறு கூட அவிழ்க்காமல். ஏன் திறக்கவில்லை என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "தனியா ஒக்காந்து பெட்டி பிரிக்கிறதாவது" என்றார். பிறகு நான் வாசல்படி இறங்கும்போது கூப்பிட்டு, "அடுத்த தடவ உங்க வீட்டுல பெட்டி பிரிச்சா எனக்கும் சொல்லி அனுப்பு. சாமான் வேணாம், சும்மா பாக்க வர்றேன்" என்றார். ஊரிலேயே பெரிய கூரை அவருடையது. அதன் கீழே இருந்துகொண்டு இதைக் கேட்டார்.

லூடிங், உன்னை இவ்வளவு தூரம் துரத்தியது எது என்று எனக்குத் தெரியும். நீ போவதற்கு முந்தின வருடத் திருவிழாவுக்கு செபு நகரத்திலிருந்து உன் சித்தப்பா மகள் வந்தாளே, அவளுடைய குதிகால் செருப்பு. நம் மூங்கில் தரையின் இடுக்கில் அது மாட்டிக்கொண்டது. அவள் கணவன் அவளைத் தூக்கிவிட்டு, இது வீடா கோழிக்கூடா என்று கேட்டான். அவர்கள் முற்றத்தில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நீ எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாய். பாத்திரம் கழுவும்போது மட்டும், குதிகால் மாட்டாத தரை போடாமல் இனி ஒரு விருந்தாளியைக் கூப்பிட மாட்டேன் என்றாய். தரை போட்டாயிற்று. வருடக்கணக்கில் அது குதிகாலுக்குத் தயாராக இருக்கிறது. அதில் நடக்க வேண்டியவள்தான் இல்லை.

நாம் ஏழைகள்தான். அது சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். கூரை ஒழுகும்போது யாருக்கும் ஞானம் வராது, எரிச்சல்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சாமியார், போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்றார். சொல்லிவிட்டு மூன்று வீட்டில் பன்றி சாப்பிட்டார். எனக்கு அந்த மனமெல்லாம் இல்லை, எனக்கும் ஆசை உண்டு. ஆனால் என் ஆசைப் பட்டியலில் மாடி எங்கேயும் இல்லை, நீ இருக்கிறாய்.

போகாதே. இதை டவுனில் விரைவுத் தபாலில் போடுகிறேன். வந்து சேருமா என்று போஸ்ட் மாஸ்டரைக் கேட்டால், சேரும்போது சேரும் என்கிறார்.

டென்சியோ


சான் இசித்ரோ
16 மே 1993

என் லூடிங்,

இந்தக் கடிதத்தைத் தபாலில் நம்பவில்லை. மேலத்தெரு தெல்மா விடுமுறை முடிந்து நாளை தக்பிலாரனில் கப்பல் ஏறுகிறாள். மணிலாவிலிருந்து விமானத்தில் ஹாங்காங். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் கூடி உட்காருகிற அந்தப் பாலத்தடியில் உன்னைத் தேடி நேரில் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். நீ அங்கே இல்லாவிட்டால் உன் முதலாளி வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வேன் என்றாள். தொண்டை பெரியவள், செய்வாள். அதுவரை நீ அங்கே இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலையெல்லாம். மரத்தில் ஏறினால் உச்சியில் உட்கார்ந்துகொண்டு கடலையே பார்க்கிறேன். பாளையைச் சீவ மறந்துவிடுகிறேன்.

ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ கோபப்படுவாய். முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

திருவிழாவுக்கு முந்தின நாள் பெருமழை. ஒழுகுகிற மூலை இரண்டாகிவிட்டது. அனலின் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உன் சிமெண்டுத் தளத்துக்கு ஓடிப்போய், கூரை இல்லாத இடத்தில், தூணோடு ஒட்டி ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ஏன் அங்கே போய் நனைகிறாய் என்று அதட்டினேன். "இதுதான்பா அம்மா கட்டுன வீடு. அது முடியலன்னுதான அம்மா வரமாட்டேங்குறாங்க?" என்றாள்.

மழை விட்டதும் நெஸ்டரைக் கூப்பிட்டேன். மூங்கில் வீட்டைத் தூக்கித் தளத்தின்மேல் வைத்தால் தூண்களுக்கு நடுவில் அடங்குமா என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான், நான் என் கள்ளையே குடித்துவிட்டேனோ என்று. அப்புறம் ஒரு கழியை எடுத்துக்கொண்டு போய் அங்கேயும் இங்கேயும் அளந்தான். "மச்சான், ஒரு சாண் மிச்சமே இருக்கு" என்றான்.

வீடு தூக்க ஆள் வேண்டுமே. குடுத்துட்டுப் புடுங்கிக்கு யார் வருவார்கள் என்று நினைத்தேன். விடியற்காலையில், உன் கடிகாரம் கத்தி முடிப்பதற்குள், ஆண்கள் ஒவ்வொருவராக மூங்கில் கழியோடு வந்து நின்றார்கள். சோப்பு வாங்கினவர்கள், சாக்லேட் வாங்கினவர்கள், என்னைக் கேலி செய்தவர்கள் எல்லோரும். வீட்டின் மூங்கில் கால்களைத் தோண்டி எடுத்து, கழிகளைக் குறுக்கே கட்டி, நெஸ்டர் குரல் கொடுக்கக் கொடுக்க வீடு மெல்ல எழுந்தது. சுவரில் தொங்கிய நம் கல்யாணப் படத்தை எடுக்க மறந்துவிட்டேன், அது ஆடிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில் வழுக்கி வீடே ஒரு பக்கம் சாய்ந்தபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பசிங் அக்கா வெறுங்காலோடு சேற்றில் இறங்கித் தோள் கொடுத்தாள். கால்களை அரையளவு வெட்டி, தளத்தில் ஊன்றி, தூண்களோடு கயிறு போட்டுக் கட்டினோம். நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் கூரைக்குமேல் வளைத்துவிட்டோம். கூரையின் இரண்டு மூலைக்கும் புது ஓலை வேய்ந்தாயிற்று.

பார்க்க எப்படி இருக்கிறது என்றால், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மேலே கிழிந்த சட்டை போட்டவன் மாதிரி இருக்கிறது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்த ஐந்து நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

தூக்கினவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டுமே, உன் டின் இறைச்சி முழுவதும் போயிற்று. தென்னங்கீற்றுக் கூட்டில் வேகவைத்த சோறும், உன் இறைச்சியும், என் கள்ளும்தான் திருவிழா விருந்து. சோலிங் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பெட்டி எதுவும் பிரிக்கவில்லையே என்று வேலைக்காரியிடம் கேட்டனுப்பினார். வீட்டைப் பிரித்தோம் என்று சொல்லச் சொன்னேன். வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மூங்கில் தரையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீ அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும். அப்படி எண்ணினதும் இலையை வைத்துவிட்டு எழுந்தேன். இத்தனை பேர் நடுவில் அழக்கூடாது என்று பின்பக்கம் போனேன். அங்கே வீடு இருந்த இடம் காலியாக, காய்ந்த சதுரமாகக் கிடந்தது. அதைப் பார்த்து அழுதேன்.

ஆக, வீடு முடிந்துவிட்டது, லூடிங். தரை உன்னுடையது, கூரை என்னுடையது. இனி இதற்கு ஒரு செங்கல் வேண்டாம், ஒரு தகடு வேண்டாம். எதற்காகப் போகிறேன் என்று நீ சொல்ல ஒன்றையும் நான் மிச்சம் வைக்கவில்லை. உன் கனவை அரைகுறையாக மூடிப் போட்டுவிட்டான் என்று உனக்கு ஆத்திரம் வரும். வரட்டும். கோபத்தை எழுதி அனுப்பாதே, நேரில் வந்து கோபப்படு. மூங்கிலைப் பிடுங்கி எறி, என்னை ஆட்டோடு கட்டிப்போடு. ஊரார் வேடிக்கை பார்க்கட்டும்.

ஏஜெண்டிடம் ஏதாவது கொடுத்திருந்தால் அது போகட்டும். போனால் போகட்டும் என்று விடக் கூடியவை நம்மிடம் நிறைய இருக்கின்றன. நீ அதில் இல்லை. கிளாரிட்டாவுடைய அம்மா கடைசி நாட்களில் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்று நெஸ்டர் சொன்னான். அனலினை அப்படி ஒரு வாசலில் உட்காரவைக்க என்னால் முடியாது. என்னையும் இலவு காத்த கிளியாக்கிவிடாதே.

உன் கடிகாரத்தை நாங்கள் மாற்றவில்லை. நாலரைக்கு அது கத்தும்போது அனலினும் எழுந்துகொள்கிறாள். அம்மா இப்போது பால் காய்ச்சுகிறாள் என்கிறாள். ஆமாம் என்கிறேன். ஒவ்வொரு நாளும் அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே ஆமாம் என்கிறேன்.

தெல்மாவிடம் உன் கறுப்பு ஷூவையும் கொடுத்தனுப்புகிறேன். பசிங் அக்காவுக்குத் திருவிழாச் சந்தையில் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன், அதைப்பற்றி யோசிக்காதே. இடது ஷூவுக்குள் புதுப் பஞ்சு வைத்திருக்கிறேன். நம் இலவமரத்துக் காய் இந்த வாரம்தான் வெடித்தது. அனலின் பொறுக்கினாள், நான் உருட்டினேன், கல்யாணத்தன்று உருட்டிய அதே அளவு. அது பனியில் நடக்கிற ஷூ இல்லை. விமான நிலையம் வரைக்கும், பிறகு கப்பல் வரைக்கும், பிறகு அந்த வளைவிலிருந்து நம் வீட்டு வாசல் வரைக்கும்தான் அது தாங்கும்.

நீ சொன்னாய் என்று நான்கு வருடமாக மழையில் நான் மரம் ஏறவில்லை. ஏன் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நீ மலை ஏறாதே.

புனித இசித்ரோ உன் இரண்டு காலுக்கும் துணையிருக்கட்டும், சின்னக் காலுக்குக் கொஞ்சம் அதிகமாக.

வளைவைப் பார்த்தபடி,
உன் டென்சியோ